ஐ.பி. அட்ரஸை வைத்து அவர் என் வீட்டுக்கு வந்துவிடுவாரா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அவசரமாகச் செய்ய வேண்டியவற்றை, இந்தப் பதில் வெளிவருவதற்கு முன்பே அவருக்குத் தனியாகச் சொல்லியும் விட்டேன்.

திருமணமாகி 11 வருடம். கணவரின் அடியையும் சந்தேகத்தையும் பொறுக்க முடியாமல், சில மாதங்களுக்கு முன் 9 வயது மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, 300 கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறார். ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. முகவரி அவருடைய அம்மாவுக்கும் ஒரு தோழிக்கும் மட்டும்தான் தெரியும். போன மாதம், மகளின் பழைய பள்ளியிலிருந்து வந்தது போல வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்திருக்கிறது. டி.சி. விஷயமாக இருக்கும் என்று அழுத்தினால் வெற்றுப் பக்கம் ஒன்று திறந்திருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கணவரிடமிருந்து ஸ்கிரீன்ஷாட்: ஒரு நீளமான எண், ஒரு மேப், அதில் சிவப்புப் புள்ளி. "உன் ஐ.பி. அட்ரஸ் என் கையில இருக்கு. இதை வெச்சு உன் வீட்டு வாசல் வரைக்கும் வருவேன்."

அந்தப் புள்ளி இருந்தது சென்னை அம்பத்தூர்ப் பக்கம். இவர் இருப்பது சென்னையே இல்லை. ஆனால் அடுத்த வாரம் இன்னொரு மெசேஜ்: "டியூஷன் முடிஞ்சு பாப்பா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றாளாமே?" அது உண்மை. அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. பயத்தில் இலவச வி.பி.என். ஆப் ஒன்றைப் போட்டிருக்கிறார். இதற்கிடையில் பெயர் தெரியாத ஜிமெயில் முகவரிகளிலிருந்து கேவலமான மெயில்கள் வருகின்றன. அனுப்புவது யார் என்று ஐ.பி. வழியே கண்டுபிடித்துத் தருவதாக 'சைபர் எக்ஸ்பர்ட்' ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். "வீட்டை மாற்றட்டுமா, போனை உடைத்துப் போடட்டுமா, அந்த 15,000-ஐக் கொடுக்கட்டுமா? என்ன செய்ய, சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எதை நினைத்துப் பயப்படுகிறீர்களோ அதில் ஆபத்து குறைவு. கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது. முதலில் பயத்தைப் பார்த்துவிடுவோம்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது என்ன

இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், பதிலை எங்கே அனுப்ப வேண்டும் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கான எண்தான் ஐ.பி. முகவரி. லிங்கை அழுத்தியதும் உங்கள் போன் இந்த எண்ணை அந்தப் பக்கத்துக்குச் சொல்லியிருக்கிறது. கூடவே என்ன பிரவுசர், என்ன வகை போன், எந்த மொழி, எத்தனை மணிக்கு என்பதும் போயிருக்கும். இப்படி வருகிறவர்களைப் பதிவு செய்து காட்டும் லிங்கை உருவாக்கித் தரும் தளங்கள் இலவசமாகவே இருக்கின்றன. பெரிய திறமை எதுவும் தேவையில்லை, உங்கள் கணவர் செய்தது அதுதான்.

உங்கள் பெயரோ போன் நம்பரோ தெருவோ அந்த எண்ணில் இல்லை. அதிலிருந்து வெளியாளுக்குத் தெரிவது எந்த நிறுவனத்தின் இணைப்பு என்பதும், ஏறக்குறைய எந்தப் பகுதி என்பதும்தான். இந்த 'ஏறக்குறைய' மிகப் பெரியது. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது உங்கள் இணையப் போக்குவரத்து பெரும்பாலும் நிறுவனத்தின் பெரிய மையம் இருக்கும் நகரத்தின் வழியாகத்தான் வெளியே போகும். அதனால் தென்கோடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் மேப் சென்னையைக் காட்டும். அம்பத்தூர்ப் புள்ளி உங்கள் வீடு இல்லை, உங்கள் இணைப்பு வெளியே போகும் இடம் என்று அந்தத் தளம் குத்துமதிப்பாகப் போட்டது.

இன்னொன்று, பழைய முறை ஐ.பி. முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 430 கோடிதான். எல்லா போனுக்கும் தனித்தனியாகக் கொடுக்கப் போதாது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. பெரிய குடியிருப்பு ஒன்றில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் போட்டது போல. வாசலில் நிற்பவருக்கு எந்த வீடு என்று தெரியாது, உள்ளே இருக்கும் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பதிவேடு நிறுவனத்திடம் மட்டும் இருக்கிறது. புதிய முறையான ஐ.பி.வி.6-இல் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி முகவரி கிடைப்பதால் இந்தக் கூட்டு இருக்காது, ஆனால் அங்கேயும் எண்ணைப் பெயரோடு சேர்த்துப் பார்க்க நிறுவனத்தின் பதிவேடு வேண்டும்.

மேப்பில் விழும் புள்ளியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐ.பி. முகவரிக்கு இடம் காட்டும் நிறுவனம் ஒன்று, 'அமெரிக்காவில் எங்கோ' என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத முகவரிகளை எல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியில் போட்டு வைத்திருந்தது. அந்தப் புள்ளியில் நிஜமாகவே ஒரு பண்ணை வீடு இருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அந்த ஒரே வீட்டைக் காட்டின. திருட்டுப் போன பொருளைத் தேடியும், மோசடிக்காரனைத் தேடியும் போலீஸும் பொதுமக்களும் வருடக்கணக்காக அந்த வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். 2016-இல் விஷயம் வெளியே வந்த பிறகுதான் நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்கு நடுவே நகர்த்தியது.

அப்படியானால் யாராலும் கண்டுபிடிக்கவே முடியாதா என்று கேட்டால், அதுவும் இல்லை. உங்கள் இணைப்பைக் கொடுத்த நிறுவனத்தால் முடியும். எந்த நேரத்தில் எந்த முகவரி யாரிடம் இருந்தது என்ற பதிவை அவர்கள் குறைந்தது 2 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. போலீஸோ நீதிமன்றமோ கேட்டால் கொடுப்பார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. தனிமனிதர் கேட்டால் கொடுக்கக் கூடாது.

"அவருக்கு போலீஸில் ஆள் இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018-இல் மகாராஷ்டிராவின் தானே போலீஸார், மற்றவர்களின் போன் அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தார்கள். கணவன்-மனைவி சண்டைகளுக்காக வாங்கியவர்கள் உண்டு. ஆகவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிக் குறுக்கு வழியில் போகிறவர் ஐ.பி.யைப் பிடித்துத் தொங்க மாட்டார், உங்கள் மொபைல் நம்பரைத்தான் கொடுப்பார். அவருக்கு அது இன்னும் சுலபம்.

ஒரே ஒரு கேள்விக்கு நீங்கள் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். அந்த வெற்றுப் பக்கம் திறந்தபோது 'உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா' என்று ஏதாவது பெட்டி வந்து, நீங்கள் சரி என்று அழுத்தினீர்களா? அழுத்தியிருந்தால் போயிருப்பது ஐ.பி. மட்டும் அல்ல, சில மீட்டர் துல்லியத்தோடு நீங்கள் நின்ற இடமே போயிருக்கும். ஆனால் அப்படிப் போயிருந்தால் அவர் அம்பத்தூரைக் காட்டிப் பயமுறுத்தியிருக்க மாட்டார். அதனால் அழுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

அப்புறம், டியூஷன் நேரம் எப்படித் தெரிந்தது?

உங்கள் கடிதத்தில் நான் பென்சிலால் கோடு போட்ட இடம் இது. ஐ.பி. வழியாக டியூஷன் நேரம் யாருக்கும் தெரியாது. அப்படியானால் வேறு வழி இருக்கிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "கொரோனா சமயத்தில் ஆன்லைன் கிளாஸுக்காக அவர் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டைத்தான் பாப்பா இப்போதும் டியூஷனுக்கு எடுத்துப் போகிறாள்." அதை செட்டப் செய்து கொடுத்தது அவர். குழந்தைக்கு கூகுள் கணக்கு தொடங்கியதும் அவர்தான்.

குழந்தைகளுக்கான கூகுள் கணக்கு, பெற்றோர் ஒருவரின் கணக்கோடு ஃபேமிலி லிங்க் என்ற வசதியால் பிணைக்கப்பட்டிருக்கும். எந்த ஆப் போடலாம், எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்பதை எல்லாம் அந்தப் பெற்றோர் தன் போனிலிருந்தே முடிவு செய்வார். அதில் குழந்தையின் கருவி இப்போது எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டும் வசதியும் உண்டு. "அதில் சிம்மே இல்லையே" என்பீர்கள். சிம் தேவையில்லை. சுற்றியிருக்கும் வைஃபை ரவுட்டர்களின் அடையாளத்தை வைத்தே இடத்தைக் கணிக்க முடியும். தெருவில் நாலு வீட்டில் வைஃபை இருந்தால் போதும். டியூஷன் சென்டர் வைஃபையிலும் உங்கள் ஹாட்ஸ்பாட்டிலும் டேப்லெட் இணையும்போதெல்லாம் அவர் போனில் புள்ளி நகர்ந்திருக்கும்.

நான் கருவியைப் பார்க்கவில்லை, ஊகம்தான். ஆனால் அவர் சொன்ன நேரமும் டேப்லெட் போய்வரும் நேரமும் ஒன்றாக இருப்பதால் வலுவான ஊகம். அதனால் வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அவருக்கு உங்கள் வீடு இருக்கும் இடம் ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டு இனி நடந்துகொள்ளுங்கள். ஐ.பி. என்று அவர் காட்டியது மிரட்டல். உண்மையான வழியை மறைக்க அது அவருக்கு வசதியாகவும் இருக்கிறது.

டேப்லெட்டை உடைக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். செட்டிங்ஸில் கூகுள் பகுதியில், இந்தக் கணக்கை மேற்பார்வை செய்பவர் யார் என்று அவருடைய மெயில் முகவரியோடு காட்டும் பக்கம் இருக்கும். அதை வேறொரு போனால், தேதி நேரம் தெரிய, வீடியோ எடுங்கள். பிறகு டேப்லெட்டை முழுவதுமாக அணைத்துத் தோழி வீட்டில் வையுங்கள். கணக்கை நீக்கினாலோ அமைப்பை மாற்றினாலோ அவருக்கு உடனே தகவல் போய்விடலாம். கண்காணிப்பு அறுந்துவிட்டது என்று தெரிகிற நேரத்தில்தான் இப்படிப்பட்ட ஆண்கள் அதிகம் ஆத்திரப்படுவார்கள், அதனால் அந்த வாரத்தில் நீங்களும் குழந்தையும் எங்கே இருப்பீர்கள் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு அதை அணையுங்கள். முடிந்தால் அந்த வாரம் அம்மாவை வந்து கூட இருக்கச் சொல்லுங்கள், டியூஷனுக்கு விடுமுறை சொல்லிவிடுங்கள். பாப்பாவிடம் டேப்லெட் ரிப்பேர் என்று பொய் சொல்ல வேண்டாம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு 'அப்பாவுக்கு நாம் இருக்கும் இடம் இதில் தெரிகிறது, அதனால் கொஞ்ச நாள் வேண்டாம், இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை' என்றால் புரியும்.

நீங்கள் தாண்டிப் போன இரண்டாவது வரி சிம் பற்றியது. கல்யாணமான புதிதில் அவர் பெயரில் வாங்கிய சிம்மைத்தான் இன்னும் வைத்திருக்கிறீர்கள். நிறுவனத்தைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் அவர். நினைத்தால் டூப்ளிகேட் சிம் வாங்குவார், உங்கள் கையில் இருப்பது செத்துப்போகும், வங்கி ஓ.டி.பி.யும் வாட்ஸ்அப் ஓ.டி.பி.யும் அவர் கைக்குப் போகும். இதைத்தான் இன்றைக்கே சரி செய்ய வேண்டும். உங்கள் சொந்த ஆதாரில் புது சிம் வாங்கி வங்கி, ஜிமெயில், ஆதார் மூன்றிலும் அந்த நம்பரைப் பதியுங்கள். பழைய நம்பரில் இருக்கும் வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணை (PIN) போட்டுவிடுங்கள். லிங்க்ட் டிவைசஸ் பகுதியில் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் படம் எடுத்துவைத்துவிட்டு வெளியேற்றுங்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போட வேண்டாம், அவர் மிரட்டல் வருவது அதில்தானே, அது உங்களுக்குச் சாட்சியம்.

இதே கண்ணோடு மற்றதையும் பாருங்கள். ஜாயின்ட் அக்கவுன்ட்டில் நீங்கள் பணம் எடுத்தால் எந்த ஏ.டி.எம். என்று ஸ்டேட்மென்ட்டில் வரும். உணவு, மருந்து, பொருள் வாங்கும் ஆப்களில் இருவருக்கும் ஒரே கணக்கு இருந்தால் டெலிவரி முகவரி அவருக்கும் தெரியும். உங்கள் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியுமென்றால் போன் இருக்கும் இடத்தை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அவர் பார்க்கலாம். பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றாமல் தோழியின் போனிலிருந்து மாற்றுங்கள், உங்கள் போனிலேயே வேவு ஆப் இருந்தால் புதுப் பாஸ்வேர்டும் அவருக்குப் போய்விடும்.

வி.பி.என். காப்பாற்றுமா?

நீங்கள் திறக்கும் தளத்துக்கு உங்கள் ஐ.பி.க்குப் பதில் வி.பி.என். நிறுவனத்தின் ஐ.பி. தெரியும், அதற்கு மேல் அது செய்வது குறைவு. ஜி.பி.எஸ்.ஸை மறைக்காது, நீங்கள் லாகின் செய்திருக்கும் கணக்கை மறைக்காது, மகளின் டேப்லெட்டை நிச்சயம் மறைக்காது. இலவச ஆப் என்றால் உங்கள் போக்குவரத்து முழுவதும் முன்பின் தெரியாத ஒருவர் வழியாகப் போகிறது, அதனால் அதை நீக்கிவிடுவதே நல்லது. வி.பி.என். பயன்படுத்துவது குற்றமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊரில் குற்றம் இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். அதை ஏற்காத சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அது நிறுவனங்களின் மீதான கட்டுப்பாடு.

அதைவிட உபயோகமானது வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. இருவர் மட்டும் பேசும் அழைப்பில் இரண்டு போன்களும் நேரடியாக இணைவதால், விஷயம் தெரிந்தவரால் எதிராளியின் ஐ.பி.யைப் பார்க்க முடியும். பிரைவசி செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் என்ற பகுதிக்குள் அழைப்புகளில் ஐ.பி. முகவரியைப் பாதுகாக்கும் வசதி 2023-இல் வந்தது. அதை ஆன் செய்யுங்கள். அவர் அனுப்பும் எந்த லிங்கையும் தொடாதீர்கள்.

அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்

ஜிமெயிலில் பிரவுசர் வழியாகவோ அதன் ஆப் வழியாகவோ அனுப்பிய மெயிலின் தலைப்பு விவரங்களில் (ஹெடர்) அனுப்பியவரின் சொந்த ஐ.பி. இருப்பதில்லை, கூகுளின் சர்வர் முகவரிதான் இருக்கும். அதனால் அந்த எக்ஸ்பர்ட் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? ஒன்று ஏமாற்றுவார், இல்லையென்றால் உங்கள் கணவர் செய்தது போலப் பொறி லிங்க் அனுப்புவார், அதுவும் இல்லையென்றால் யாருடைய கணக்கையாவது உடைப்பார். கடைசியில் சொன்னதைச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் அவரோடு நீங்களும் மாட்டுவீர்கள். வெளியில் பாதிக்கப்பட்டவராக நிற்கும் நீங்கள் வழக்கில் குற்றவாளிக் கூண்டுக்குப் போவதை உங்கள் கணவரின் வக்கீல் ஆசையோடு எதிர்பார்ப்பார்.

சரியான வழி மெதுவானது, ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும். போலீஸ் கூகுளிடம் கேட்கும், கூகுள் அந்தக் கணக்கில் லாகின் நடந்த ஐ.பி.யையும் நேரத்தையும் கொடுக்கும், அதை வைத்து இணைய நிறுவனத்திடம் அந்த இணைப்பு யார் பெயரில் இருந்தது என்று கேட்பார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் நேரத்தைப் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் தரும், நம்முடையது அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இதைக் கவனிக்காமல் விட்டால் வேறொரு குடும்பத்தின் பெயர் வந்து நிற்கும். பகிர்ந்த முகவரி என்றால், அதில் யாருடைய இணைப்பு என்று பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் வேண்டும். இப்படி ஒரு தப்பு என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி, 2007-இல் பெங்களூருவில் கைதான ஒரு மென்பொருள் பொறியாளர். இணைய நிறுவனம் கொடுத்த தவறான ஐ.பி. விவரத்தால், தான் போடாத ஒரு பதிவுக்காக அவர் 50 நாள் புனே சிறையில் இருந்தார். எல்லாம் சரியாகவே வந்தாலும் ஐ.பி. காட்டுவது இணைப்பை, விரலை அல்ல. 'வீட்டு வைஃபை என் பெயரில் இருக்கிறது, மெயில் அனுப்பியது நானில்லை' என்று உங்கள் கணவர் சொல்லலாம். அதனால்தான் மெயில்களில் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் எங்கெங்கே வருகின்றன என்று நீங்கள் குறித்து வைப்பது ஐ.பி. அளவுக்கே முக்கியம். மெயில்களை அழிக்காமல், ஃபார்வேர்டு செய்யாமல், வந்தபடியே வைத்திருங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

சட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, பின்தொடர்தல் குற்றம். ஒரு பெண் வேண்டாம் என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதும், அவளுடைய இணைய, மெயில் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் இதில் வரும். முதல் முறை 3 வருடம் வரை சிறை, அடுத்த முறை 5 வருடம் வரை. 'வேண்டாம் என்று தெளிவாக' என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இதுவரை பயத்தில் பதிலே சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். பாதுகாப்பான பிறகு, வக்கீல் மூலமாக ஒரே ஒரு முறை எழுத்தில் சொல்லிவிடுங்கள். மிரட்டலுக்கு 351, கணவரின் கொடுமைக்கு 85 என்று தனிப் பிரிவுகளும் இருக்கின்றன.

ஆனால் டேப்லெட் விஷயத்தில் உங்களுக்கு அதிக நம்பிக்கை கொடுக்க மாட்டேன். தகப்பன் தன் மகளின் கருவியை மேற்பார்வை செய்வது தனியாகப் பார்த்தால் குற்றம் இல்லை, 'என் பிள்ளையின் பாதுகாப்புக்காக' என்பார். அதில் கிடைத்த தகவலை வைத்து அவர் உங்களை மிரட்டிய மெசேஜ்தான் அதன் நிறத்தை மாற்றுகிறது. அதனால் அந்த டியூஷன் மெசேஜ் தங்கத்துக்குச் சமம், அதை நகல் எடுத்து அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

உங்களுக்கு உடனடியாக அதிகம் உதவக்கூடியது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் என்பது என் கருத்து. அதன் 18-ஆம் பிரிவுப்படி, மின்னணு வழியிலோ போனிலோகூட உங்களைத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடலாம். 21-ஆம் பிரிவில் மகளின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கலாம். இதைத் தள்ளிப் போடாதீர்கள், அவர் முந்திக்கொண்டு குழந்தையைக் கேட்டு வழக்குப் போட்டால் நீங்கள் ஒளிந்திருப்பவராகத் தெரிவீர்கள். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஆனால் எந்த ஊர் கோர்ட் என்பதே ஊரைச் சொல்லிவிடும். அவர் வசிக்கும் ஊரிலும் போட இடமிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவருக்கு இடம் தெரிந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. டேப்லெட்டில் அவர் மேற்பார்வை உறுதியானால் இருக்கும் ஊரிலேயே போடுங்கள், வீணாக 300 கிலோமீட்டர் அலைய வேண்டாம்.

இன்னொரு ஓட்டையை அடைக்க வேண்டும். 'மனைவியையும் குழந்தையையும் காணவில்லை' என்று அவர் புகார் கொடுத்தால், போலீஸ் சட்டப்படியே உங்கள் போன் டவரைப் பார்த்து உங்களிடம் வந்து நிற்கும். இப்படி வந்து சேர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன், ஐ.பி.யைவிட இது பல மடங்கு நிஜமான வழி. அதனால் முந்திக்கொள்ளுங்கள். வன்முறை காரணமாக என் விருப்பத்தில் மகளோடு வெளியேறினேன், என் முகவரியைக் கணவரிடம் தெரிவிக்க வேண்டாம் என்று அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் எஸ்.பி. அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வீட்டை மாற்றுவதா என்று கேட்டீர்கள். டேப்லெட்டும் சிம்மும் அப்படியே இருக்கும்போது வீடு மாற்றினால் புது வீடும் அவருக்குத் தெரிந்துவிடும், அட்வான்ஸ் பணம்தான் போகும். முதலில் இவை, பிறகு வீடு. போனை உடைக்க வேண்டாம்.

பணம் இல்லை என்பதற்காக வக்கீலைத் தேடாமல் இருக்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் இருக்கும். மெயில் விவகாரத்துக்கு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரிலும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் கொடுக்கலாம்; 1930 பண மோசடிக்கான எண், உங்களுக்கு உதவுவது பெண்கள் உதவி எண் 181. அவர் தெருவில் நிற்கிறார் என்றால் இதையெல்லாம் யோசிக்காமல் அவசர எண் 112.

சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போகும்போது திருமணப் பதிவு நகல், மகளின் பிறப்புச் சான்றிதழ், அடிபட்டுச் சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு, அந்த ஸ்கிரீன்ஷாட், டியூஷன் மெசேஜ், டேப்லெட் வீடியோ எல்லாவற்றையும் பென் டிரைவில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக எடுத்துப் போங்கள். டேப்லெட்டில் மேற்பார்வையாளர் என்று யார் பெயர் இருந்தது என்பதை எனக்கு, புது சிம்மில் தொடங்கிய புது மெயிலிலிருந்து எழுதுங்கள். வேறு யாருடைய பெயராவது இருந்தாலோ, அப்படி ஒரு பக்கமே இல்லை என்றாலோ, உங்கள் போனைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.